தாய்வழி நினைவும் சாட்சியம்தான்

1656 ஜனவரியில், வர்ஜீனியா காலனியின் நார்த்தம்பர்லாண்ட் மாவட்ட நீதிமன்றத்தில், ஒரு பெண்ணின் தகப்பன் யார் என்ற கேள்வி விசாரணைக்கு வந்தது. பெண்ணின் பெயர் எலிசபெத் கீ. வயது இருபத்தைந்தை ஒட்டியிருக்கும். தாய், ஆப்பிரிக்க இனத்தைச் சேர்ந்த அடிமை. தகப்பன் என்று அவர் சொன்னது தாமஸ் கீ என்ற ஆங்கிலேயரை. காலனியின் சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தவர் அவர். 1636இல் தாமஸ் கீ அந்தச் சிறுமியை ஹம்ஃப்ரி ஹிக்கின்சன் என்பவரிடம் ஒன்பது ஆண்டு ஒப்பந்தத்தில் ஒப்படைத்தார். ஹிக்கின்சன் அவளுடைய ஞானத்தந்தையும் ஆவார். மகளைப் போல நடத்தவேண்டும், கெடு முடிந்ததும் விடுதலை தரவேண்டும் என்பது ஏற்பாடு. தாமஸ் கீ இறந்துபோனார். சிறுமி கர்னல் ஜான் மாட்ரம் என்பவரின் கைக்குப் போனாள். ஒன்பது ஆண்டுகள் முடிந்து மேலும் பத்து ஆண்டுகள் ஓடின. 1655இல் மாட்ரம் இறந்தபோது அவருடைய சொத்தை நிர்வகித்தவர்கள் எலிசபெத்தை அடிமைகளின் கணக்கில் சேர்த்தார்கள். அதை எதிர்த்துத்தான் அவர் நீதிமன்றப் படியேறினார்.

அவருடைய வழக்கை நிமிர்த்தியது ஓர் ஏடல்ல, எண்பது வயதை எட்டிய எலிசபெத் நியூமன் என்ற மூதாட்டியின் வாக்குமூலம். இந்தப் பெண் கீயின் மகள் என்பது வர்ஜீனியாவில் ஊரறிந்த சேதி, தன் அடிமைப் பெண்ணைக் கர்ப்பமாக்கியதற்காக ப்ளண்ட் பாயிண்ட் நீதிமன்றம் கீக்கு அபராதம் விதித்தது என்று அவர் சொன்னார். எதிர்த்தரப்பின் கையிலும் ஓர் ஊர்ப்பேச்சு இருந்தது. தகப்பன் துருக்கியனான ஒரு கப்பல்தலைவன் என்று தான் கேள்விப்பட்டதாக வேறொரு சாட்சி சொன்னார். தகப்பன் கிறிஸ்தவ ஆங்கிலேயன் அல்லன் என்று நிறுவிவிட்டால் ஆங்கிலப் பொதுச்சட்டத்தின் பாதுகாப்பு அவளுக்குக் கிட்டாது. ஜூரிகள் இரண்டு பேச்சையும் எடைபோட்டு மூதாட்டியின் பக்கம் நின்றார்கள். மேல்முறையீட்டில் பொது நீதிமன்றம் தீர்ப்பைக் கவிழ்த்தது. வழக்கு சட்டமன்றத்துக்குப் போய், ஒரு குழுவின் பரிசீலனைக்குப் பின் மீண்டும் மாவட்ட நீதிமன்றத்துக்கே திரும்பியது. சுதந்திரமான தகப்பனுக்குப் பிறந்த பிள்ளை சுதந்திரமானதே, அவள் ஞானஸ்நானம் பெற்றவள், ஒப்பந்தக் காலமும் கடந்துவிட்டது என்பவை அந்தக் குழு ஏற்ற காரணங்கள். கெடு தாண்டி வாங்கிய உழைப்புக்கு ஈடு கொடுக்கவேண்டும் என்றும் அது சொன்னது. 1656 ஜூலை 21 அன்று எலிசபெத் கீ விடுதலை பெற்றார். அவருக்காக வாதாடிய வில்லியம் கிரின்ஸ்டெட், தானும் ஒப்பந்தப் பணியாளாக அமெரிக்கா வந்த இளைஞர். ஏற்கெனவே அவர்களுக்கு ஒரு மகன் இருந்தான். விடுதலைக்குப் பின் இருவரும் மணந்துகொண்டார்கள்.

காலனியக் கால அமெரிக்கப் பெண் ஒருத்தியின் கொடிவழியைத் தேடுகிறவர்கள் எல்லாரும் இந்த வழக்கிலிருந்து தொடங்குவது நல்லது. ஒரு பெண்ணின் பிறப்பு பற்றிக் குடும்பமும் அக்கம்பக்கமும் தலைமுறைகளாகச் சொல்லிவந்தது, ஏட்டில் இருப்பதற்குச் சமமான சாட்சியம் என்பதே என் வாதம். அதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்லவில்லை. ஏட்டை எந்தச் சோதனைக்கு உட்படுத்துகிறோமோ அதே சோதனைக்கு வாய்மொழியையும் உட்படுத்தவேண்டும். சோதிக்காமலே தள்ளிவிடக் கூடாது. அமெரிக்க நீதிமன்றங்களும் வரலாற்றாசிரியர்களும் ஏறக்குறைய இரு நூற்றாண்டு காலம் இதில் தவறினார்கள். அந்தத் தவற்றின் பாரத்தைச் சுமந்தவர்கள் கறுப்பினப் பெண்களும் அவர்கள் பெற்ற பிள்ளைகளும்.

எலிசபெத் கீயின் வெற்றிக்குப் பின் என்ன நடந்தது என்பது முக்கியம். 1662 டிசம்பரில் வர்ஜீனியா சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. ஆங்கிலேயனுக்கும் கறுப்பினப் பெண்ணுக்கும் பிறக்கும் பிள்ளை அடிமையா சுதந்திரமானதா என்பதில் ஐயங்கள் எழுந்திருக்கின்றன என்று அந்தச் சட்டத்தின் முகப்பே சொல்கிறது. இனிமேல் தாயின் நிலையே பிள்ளையின் நிலை என்று அது முடிவுகட்டியது. இங்கிலாந்தின் பொதுச்சட்டத்தில் பிள்ளையின் நிலை தகப்பனைப் பின்பற்றியது. ஆறே ஆண்டுகளுக்கு முன் எலிசபெத் கீயைக் காப்பாற்றியதும் அந்த விதிதான். 1667இல் மற்றொரு சட்டம், ஞானஸ்நானம் அடிமையின் நிலையை மாற்றாது என்றது. அவர் நுழைந்துபோன வாசல்கள் ஒவ்வொன்றாக அடைபட்டன. இந்தச் சட்டங்களுக்கு அந்த ஒரு வழக்கு மட்டுமே காரணம் என்று சொல்லமுடியாது. ஆனால் அவர் முன்வைத்த வாதங்களில் இரண்டு, பதினொரு ஆண்டுகளுக்குள் சட்டப்படி செல்லாதவை ஆயின என்பது உண்மை.

1662ஆம் ஆண்டுச் சட்டம் தாய்வழியைக் கௌரவிக்கவில்லை. தாயின் வயிற்றை முதலாளியின் சொத்துக் கணக்கோடு கட்டியது. அடிமைப் பெண்ணுக்குத் தான் தகப்பனாகும் பிள்ளையும் தனக்கே அடிமை என்றால், முதலாளிக்குத் தகப்பன் பெயரை எழுதிவைக்க எந்தத் தேவையும் இல்லை; எழுதாமல் விடுவதில் ஆதாயம் உண்டு. அதனால்தான் அடிமைப் பெண்களின் பிள்ளைகளைப் பற்றிய ஏடுகளில் தகப்பன் இடம் இத்தனை முறை காலியாக இருக்கிறது. 1850, 1860 ஆண்டுகளின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அடிமைகளுக்கெனத் தனிப் பட்டியல்கள் இருந்தன. முதலாளியின் பெயருக்குக் கீழே வயது, பாலினம், நிறம் போன்ற விவரங்கள் மட்டும் குறிக்கப்பட்டன. அடிமையின் பெயருக்கு இடமில்லை. முன்னாள் அடிமைகள் எல்லாரும் பெயரோடு பதிவானது 1870ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில்தான். மூதாதையரைத் தேடும் கறுப்பின அமெரிக்கர்களுக்கு 1870 ஒரு சுவர் போல நிற்கிறது. அதைத் தாண்டவேண்டுமானால் ஒன்று முதலாளியின் சொத்துப் பட்டியலைப் பார்க்கவேண்டும், அல்லது பாட்டி சொன்னதைக் கேட்கவேண்டும். ஏட்டை மட்டுமே நம்புவேன் என்கிற ஆராய்ச்சியாளர், அறிந்தோ அறியாமலோ, முதலாளி சொன்னதை மட்டுமே நம்புவேன் என்கிறார்.

இதே காலத்தில் வெள்ளைக் குடும்பங்களின் கொடிவழிக்குக் கிடைத்த மரியாதை வேறு. பவ்ஹாட்டன் தலைவரின் மகளான போகஹாண்டஸ், ஆங்கிலேயரான ஜான் ரால்ஃபை மணந்து தாமஸ் என்ற மகனைப் பெற்றார். அந்த வழியில் வந்ததாக வர்ஜீனியாவின் பெருங்குடிகள் பல பெருமைப்பட்டன. 1924இல் அம்மாநிலம் கொண்டுவந்த இனத்தூய்மைச் சட்டம், வேற்றின இரத்தம் துளி இருந்தாலும் வெள்ளையர் அல்லர் என்று வகுத்தது. ஆனால் அமெரிக்க இந்திய இரத்தம் பதினாறில் ஒரு பங்கோ அதற்குக் குறைவோ இருப்பவர்கள் வெள்ளையரே என்று ஒரு விதிவிலக்கும் வைத்தது. அந்தப் பெருங்குடிகளைக் காக்கத்தான் அந்த விதிவிலக்கு. ஒரு பெண்ணின் வழிவந்த நினைவுக்காகச் சட்டமே வளைந்துகொடுத்தது. இன்னொரு பெண்ணின் வழிவந்த நினைவு நீதிமன்ற வாசலிலேயே மறிக்கப்பட்டது.

எப்படி மறிக்கப்பட்டது என்பதை மேரிலாந்தில் பார்க்கலாம். ஊரார் ‘ஐரிஷ் நெல்’ என்று அழைத்த எலனார் பட்லர், அந்தக் காலனியின் உரிமையாளரான பால்டிமோர் பிரபுவின் பணிப்பெண்ணாக வந்த வெள்ளைப் பெண். 1681இல் அவர், மேஜர் வில்லியம் போர்மனின் அடிமையாக இருந்த சார்லஸ் என்ற கறுப்பினத்தவரை மணக்க முடிவுசெய்தார். அப்போது அங்கே நடப்பிலிருந்த 1664ஆம் ஆண்டுச் சட்டம் வர்ஜீனியாவுக்கு நேர்மாறானது. அடிமையை மணக்கும் சுதந்திரமான ஆங்கிலேயப் பெண், கணவன் உயிரோடிருக்கும்வரை அவனுடைய முதலாளிக்கு ஊழியம் செய்யவேண்டும். பிறக்கும் பிள்ளைகள் தகப்பனைப் போல அடிமைகள். பிள்ளைகள் அடிமைகளாவார்கள் என்று பால்டிமோர் பிரபு கல்யாணத்தன்றே எச்சரித்தார் என்றும், பிரபுவை மணப்பதைவிட சார்லஸை மணப்பதே மேல் என்று நெல் பதில் சொன்னார் என்றும் அக்கம்பக்கத்தார் தலைமுறைகளுக்குச் சொல்லிவந்தார்கள். ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, 1770இல், அவருடைய வழித்தோன்றல்களான வில்லியமும் மேரியும் விடுதலை கேட்டு வழக்குத் தொடுத்தபோது நீதிமன்றத்தில் பதிவானவை இந்த நினைவுகள்தான். சாட்சிகள் தங்கள் பெற்றோர் சொன்னதைச் சொன்னார்கள், கல்யாணத்தை நேரில் பார்த்த முதியவர்களிடம் கேட்டதைச் சொன்னார்கள். கீழ் நீதிமன்றம் பட்லர்களுக்குச் சாதகமாகத் தீர்த்தது, மேல்முறையீட்டில் தோற்றார்கள். அவர்களுடைய மகள் மேரி பட்லர் மறுபடி வழக்குத் தொடுத்து 1787இல் வென்றார். ஐரிஷ் நெல் அந்தச் சட்டத்தின் கீழ் தண்டிக்கப்பட்டதற்கு நீதிமன்றப் பதிவு இல்லை, எனவே அவருடைய சந்ததியை அடிமையாக்க முடியாது என்பது தீர்ப்பின் அடிப்படை. கொடிவழியை நினைவு நிறுவியது. பதிவு இல்லாமையின் பாதகம், அந்த ஒரு முறை, முதலாளியின் தலையில் விழுந்தது.

அந்தத் தீர்ப்பு மேரிலாந்தில் பல குடும்பங்களுக்குத் தெம்பு தந்தது. மேரி குயீன் என்ற சுதந்திரமான பெண்ணின் வழிவந்தவர்கள் தாங்கள் என்று சொன்ன குயீன் குடும்பம் அவற்றில் ஒன்று. எட்வர்ட் குயீன், ஜான் ஆஷ்டன் என்ற ஜெசுயிட் பாதிரியாரின் மீது வழக்குத் தொடுத்து 1794இல் விடுதலை பெற்றார். உறவினர் பலரும் அதே நினைவைக் காட்டி அடுத்தடுத்து வென்றார்கள். பிறகு மீமா குயீன் என்ற பெண் தனக்கும் தன் மகள் லூயிசாவுக்கும் விடுதலை கேட்டு வாஷிங்டனில் ஜான் ஹெப்பர்ன் மீது வழக்குத் தொடுத்தார். அவருக்காக வாதாடியவர், பின்னர் 1814இல் அமெரிக்க தேசிய கீதத்தின் வரிகளை எழுதிய ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ. தானே அடிமைகளை வைத்திருந்த மனிதர் அவர் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். 1813இல் உச்ச நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் தீர்ப்பு எழுதினார். மேரி குயீன் சுதந்திரமானவர் என்று இறந்துபோனவர்கள் சொல்லக் கேட்டதாக வரும் சாட்சியம் செவிவழிச் சாட்சியம், அது ஏற்கத்தக்கதல்ல என்றார். நேரில் பார்த்தவர்கள் இறந்துபோனார்கள் என்பதற்காகக் கேள்விப்பட்டதை அனுமதித்தால் எவருடைய சொத்துக்கும் பாதுகாப்பு இருக்காது என்பது அவர் சொன்ன காரணம். மீமாவும் லூயிசாவும் அந்தச் சொத்து.

அமர்வில் ஒரே ஒருவர் மாறுபட்டார். மேரிலாந்திலிருந்து வந்த நீதிபதி கேப்ரியல் டுவால், அந்த மாநிலத்தில் இப்படிப்பட்ட சாட்சியம் நெடுங்காலமாக ஏற்கப்பட்டு வந்ததை அறிந்தவர். கொடிவழிக்கும் நில எல்லைக்கும் செவிவழிச் சாட்சியத்தை அனுமதிக்கிறீர்கள், விடுதலைக்கு அதை அனுமதிக்க இன்னும் வலுவான நியாயம் இருக்கிறது, சொத்துரிமையைவிட விடுதலை உரிமை பெரிது என்பது அவருடைய நிலைப்பாடு. என் பார்வையில் அந்த நாளில் சட்டத்தைச் சரியாகப் படித்தவர் டுவால்தான். குடும்ப உறவைப் பற்றி இறந்தவர்கள் சொன்னதைச் சாட்சியமாக ஏற்பது ஆங்கிலப் பொதுச்சட்டத்தின் பழைய விதி. தகராறு எழுவதற்கு முன் சொல்லப்பட்டிருக்கவேண்டும் என்பது அதற்கான காவல். ஆதாயத்துக்காகக் கதை கட்டுவதை அது தடுக்கிறது. இந்தியாவுக்கும் அந்த விதி வந்துசேர்ந்தது. 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, இரத்த உறவு, திருமணம், தத்து ஆகியவை பற்றி இறந்தவர்கள் சொன்னதை இதே நிபந்தனையோடு ஏற்றது. 2024இல் அதன் இடத்துக்கு வந்த சட்டமும் அதைக் கைவிடவில்லை. பிரபுக் குடும்பத்தின் வாரிசுரிமையைத் தீர்க்கப் போதுமானதாக இருந்த சாட்சிய வகை, மீமா குயீனின் மகளுக்குப் போதாது என்று ஆனது எப்படி? மார்ஷல் இதற்குச் சொன்ன பதில், விதிவிலக்குகளை இனியும் விரிக்கக் கூடாது என்பது. அந்தப் பதிலின் பாரம் யார்மீது விழும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. அவரும் வர்ஜீனியாவில் அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தவர்.

நீதிமன்றம் செய்ததையே பிற்பாடு வரலாற்றுத்துறையும் செய்தது. 1735ஐ ஒட்டி வர்ஜீனியாவில் பிறந்த எலிசபெத் ஹெமிங்ஸின் கொடிவழி இதற்கு நன்கு ஆராயப்பட்ட உதாரணம். அவருடைய பேரன் மாடிசன் ஹெமிங்ஸ், 1873 மார்ச்சில் ஒஹாயோ மாநிலத்தின் பைக் கவுண்டி ரிபப்ளிகன் என்ற பத்திரிகையில் தன் குடும்பக் கதையைச் சொன்னார். கொள்ளுப்பாட்டி ஆப்பிரிக்கப் பெண். கொள்ளுத்தாத்தா ஹெமிங்ஸ் என்ற ஆங்கிலேயக் கப்பல்தலைவர். தனக்குப் பிறந்த குழந்தையை அவர் விலைகொடுத்து வாங்க முயன்றும் முதலாளி விட்டுத்தரவில்லை. அந்தக் குழந்தையான எலிசபெத், ஜான் வேல்ஸ் என்ற தோட்ட முதலாளியிடம் வந்துசேர்ந்து அவருக்கு ஆறு பிள்ளைகளைப் பெற்றார். ஆறு பேரில் ஒருவர் சாலி. வேல்ஸின் மற்றொரு மகளான மார்த்தாவை மணந்தவர் தாமஸ் ஜெஃபர்சன். 1773இல் வேல்ஸ் இறந்த பிறகு, எலிசபெத் ஹெமிங்ஸும் பிள்ளைகளும் மாமனார் சொத்தின் பகுதியாக ஜெஃபர்சனின் மாண்டிசெல்லோ தோட்டத்துக்கு வந்தார்கள். ஆக, மார்த்தாவும் சாலியும் ஒரே தகப்பனின் மக்கள். ஒருத்தி எஜமானி, இன்னொருத்தி அடிமை. மனைவி இறந்த பின், பாரிஸில் தூதராக இருந்த காலத்தில், ஜெஃபர்சன் சாலியோடு உறவு கொண்டார் என்றும், சாலியின் பிள்ளைகளான பெவர்லி, ஹாரியட், மாடிசன், எஸ்டன் ஆகியோருக்கு அவரே தகப்பன் என்றும் மாடிசன் சொன்னார். வர்ஜீனியாவில் அன்றிருந்த சட்டத்தின்படி, கறுப்பின இரத்தம் நாலில் ஒரு பங்குக்குக் குறைவாக இருந்தால் ஒருவர் வெள்ளையர். எட்டில் ஒரு பங்கே கொண்ட சாலியின் பிள்ளைகள் சட்டப்படி வெள்ளையர்கள். 1662ஆம் ஆண்டுச் சட்டப்படி அடிமைகள்.

மாடிசன் சொன்னதை வரலாற்றாசிரியர்கள் நூறாண்டுக்கும் மேலாக ஒதுக்கினார்கள். பத்திரிகை ஆசிரியர் எழுதிக்கொடுத்தது என்றார்கள், அரசியல் எதிரிகள் 1802இல் கிளப்பிய அவதூறின் எதிரொலி என்றார்கள். அதற்குப் பதிலாக அவர்கள் நம்பியது எதை? ஜெஃபர்சனின் பேரப்பிள்ளைகள் சொன்னதை. பேரன் தாமஸ் ஜெஃபர்சன் ரேண்டால்ஃப், சாலியின் பிள்ளைகளுக்குத் தகப்பன் ஜெஃபர்சனின் சகோதரி மகனான பீட்டர் கார் என்றார். பேத்தி எலன் கூலிட்ஜ், பீட்டரின் சகோதரர் சாமுவேல் கார் என்று 1858இல் கடிதம் எழுதினார். அண்ணனும் தங்கையும் சொன்ன பெயர்களே வெவ்வேறு! இதுவும் குடும்ப வாய்மொழிதான், இதிலும் குடும்ப மானம் என்ற ஆதாயம் இருந்தது. ஆனாலும் இது சாட்சியமாக ஏற்கப்பட்டது. மாடிசனுடையது வதந்தியாகத் தள்ளப்பட்டது. இத்தனைக்கும் ஜெஃபர்சனின் பண்ணைக் குறிப்பேட்டில் சாலியின் பிள்ளைகள் பிறந்த விவரம் இருக்கிறது. ஒவ்வொரு பிறப்புக்கும் ஒன்பது மாதம் முன்பு ஜெஃபர்சன் மாண்டிசெல்லோவில் இருந்தார் என்பதும், சாலியின் பிள்ளைகளில் வளர்ந்து ஆளான நால்வருமே விடுதலையோ வெளியேற அனுமதியோ பெற்றார்கள் என்பதும் ஆவணங்களிலேயே கிடைத்தன. சட்டப் பேராசிரியரான அனெட் கார்டன்-ரீட் 1997இல் வெளியிட்ட நூலில் செய்தது எளிய காரியம். இரு தரப்புச் சாட்சியங்களையும் ஒரே அளவுகோலால் அளந்து, மாடிசனின் கூற்று எத்தனை இடங்களில் ஆவணங்களோடு பொருந்துகிறது என்று காட்டினார். அடுத்த ஆண்டு ‘நேச்சர்’ இதழில் மரபணு ஆய்வு வந்தது. எஸ்டனின் ஆண்வழி வாரிசு ஒருவரின் ஒய் குரோமோசோம், ஜெஃபர்சனுடைய தகப்பனாரின் சகோதரர் வழிவந்தவர்களுடையதோடு பொருந்தியது. கார் சகோதரர்களின் வழியோடு பொருந்தவில்லை.

வாய்மொழி பிழைபடும் என்ற ஆட்சேபம் நியாயமானது. அதற்கான ஆதாரம் இதே ஆய்வில் இருக்கிறது. தாமஸ் வுட்சன் என்பவர் ஜெஃபர்சனுக்கும் சாலிக்கும் பிறந்த மூத்த மகன் என்பது வுட்சன் குடும்பத்தார் தலைமுறைகளாகப் போற்றிவந்த நம்பிக்கை. அவர்களுடைய குரோமோசோம் ஜெஃபர்சன் வழியோடு பொருந்தவில்லை. எஸ்டனின் வாரிசுகள் கதையில் வேறொரு திருப்பம். எஸ்டன் விஸ்கான்சினுக்குக் குடிபெயர்ந்து, ஜெஃபர்சன் என்று பெயர் சூடி, வெள்ளையராக வாழ்ந்தார். கறுப்பினத் தொடர்பு வெளிப்பட்டால் பிள்ளைகளுக்குத் துன்பம் என்று அஞ்சிய பிற்காலத் தலைமுறை, ஜெஃபர்சனின் உறவினர் ஒருவரின் வழிவந்தவர்கள் நாம் என்று கதையை மாற்றிக்கொண்டது. நினைவு தவறும், அச்சம் அதைத் திருத்தியும் எழுதும். இவற்றை மறைத்துவிட்டு என் வாதத்தை நிலைநிறுத்த முடியாது. ஆனால் வுட்சன் குடும்பத்தின் கூற்று எப்படித் தவறென்று தெரியவந்தது? சோதித்ததால். சோதிக்கத் தகுந்தது என்று மதித்ததால். மாடிசனின் கூற்று சரியென்று தெரியவந்ததும் அதே வழியில்தான். எழுத்துக்கும் இதே கதிதான். வேல்ஸுக்கும் சாலிக்கும் உள்ள உறவை ஜெஃபர்சனின் ஏடுகள் சொல்லவில்லை. அந்த மௌனமும் அச்சத்தாலோ மானத்தாலோ திருத்தி எழுதப்பட்ட ஒன்றுதான்.

மரபணுச் சோதனை வந்த பிறகு பாட்டி கதைகள் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. 1998ஆம் ஆண்டு ஆய்வையே எடுத்துக்கொள்வோம். அது தாமஸ் ஜெஃபர்சனைச் சுட்டவில்லை; ஜெஃபர்சன் ஆண்வழியைச் சேர்ந்த எவரோ ஒருவர் என்பதை மட்டுமே சொன்னது. அந்த அடிப்படையில் அவருடைய தம்பி ரேண்டால்ஃபைத் தகப்பனாகச் சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆய்வுக்கு முந்தைய நூற்றுத் தொண்ணூறு ஆண்டுகளில் ரேண்டால்ஃபின் பெயரை முன்வைத்தவர்கள் அரிது. கார் சகோதரர்கள் கைநழுவிப் போன பின்னரே அவர் தேவைப்பட்டார். ஜெஃபர்சன்களுக்குள் தாமஸ்தான் என்று பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் முடிவுக்கு வந்தது, குரோமோசோமையும் பயணத் தேதிகளையும் விடுதலைகளையும் மாடிசனின் வாக்கையும் சேர்த்துப் பார்த்து. மாண்டிசெல்லோவை நிர்வகிக்கும் அறக்கட்டளையின் ஆய்வுக் குழு 2000ஆம் ஆண்டில் அந்த முடிவைத்தான் அறிவித்தது. அதோடு, யாருடைய இரத்தத்தை யாருடையதோடு ஒப்பிடுவது என்று ஆய்வுக்கூடத்துக்கு யார் சொல்வது? எஸ்டனின் பெயரையும் வுட்சனின் பெயரையும் ஆய்வாளர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தவை குடும்ப நினைவுகள். எலிசபெத் கீயின் தாயை எடுத்துக்கொண்டால் நிலைமை இன்னும் தெளிவாகும். அவர் வழக்கில் சாட்சிகள் அந்தத் தாயைக் குறிப்பிட்டது கீயின் கறுப்பினப் பெண் என்று மட்டும், பெயரே பதிவாகவில்லை. எந்தப் பரிசோதனையும் அந்தப் பெயரைத் திருப்பித் தராது.

இது முடிந்துபோன கதை, இன்று யாருக்கு என்ன லாபம் என்று கேட்டால், இன்று கொடிவழியின் மேல் முடிவெடுக்கும் நிறுவனங்களைக் காட்டவேண்டும். ஜெஃபர்சனின் மகள்கள் வழிவந்தவர்களின் சங்கம் மாண்டிசெல்லோ இடுகாட்டை வைத்திருக்கிறது. 2002இல் அது ஹெமிங்ஸ் வழித்தோன்றல்களை உறுப்பினராக ஏற்க மறுத்து வாக்களித்தது. மேரிலாந்து ஜெசுயிட்கள் 1838இல் 272 அடிமைகளை லூயிசியானா தோட்டக்காரர்களுக்கு 1,15,000 டாலருக்கு விற்றார்கள். ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடனை அடைக்க அந்தப் பணத்தில் ஒரு பகுதி போனது. விற்கப்பட்டவர்களில் குயீன்களும் பட்லர்களும் இருந்தார்கள். அந்த விற்பனைக்கு நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இதே மாநிலத்தில் வழக்காடி விடுதலை பெற்ற குடும்பங்களின் பெயர்கள் அவை. 2016இல் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம், விற்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்களுக்கு மாணவர் சேர்க்கையில், முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளுக்குத் தரும் அதே கவனம் தரப்படும் என்று அறிவித்தது. ஆக, நான் இன்னாரின் பேத்தி என்று நிறுவுவதற்கு இன்று பலன் உண்டு. எதைக் கொண்டு நிறுவுவது என்ற 1813ஆம் ஆண்டுக் கேள்வி மறுபடி வந்து நிற்கிறது.

ஜெசுயிட்கள் ஞானஸ்நானப் பதிவேடுகளை ஒழுங்காக வைத்திருந்ததால் அந்தக் குடும்பங்களுக்கு ஓரளவு ஏட்டு ஆதாரம் இருக்கிறது. வர்ஜீனியாவின் புகையிலைத் தோட்டங்களிலோ கரோலினாவின் நெல் வயல்களிலோ இருந்த பெண்களின் வழித்தோன்றல்கள் பலருக்கு அதுவும் இல்லை. அவர்களிடம் பதிவுச் சான்றிதழ் கேட்பது, சான்றிதழ் தராமல் விட்டவர்களின் தீர்ப்பை மறுபடி ஒருமுறை உறுதிசெய்வதாகும். இத்தகைய நிறுவனங்களும் கொடிவழிச் சங்கங்களும் ஆவணக் காப்பகங்களும் செய்யவேண்டியது நடக்கக்கூடிய காரியம். குடும்பத்தார் சொல்வதை, யார் சொன்னது, எப்போது, யாரிடம் கேட்டது என்ற விவரத்தோடு பதியவேண்டும். ஆதாயம் தேடும் நிலை வருவதற்கு முன்பே சொல்லப்பட்டதா என்று பார்க்கவேண்டும். வெவ்வேறு ஊர்களில் பிரிந்து வாழும் கிளைகள் ஒன்றையே சொல்கின்றனவா என்று ஒப்பிடவேண்டும். முரண்படும் ஏடு கிடைத்தால் அந்த ஏட்டை எழுதியவரின் ஆதாயத்தையும் கணக்கில் எடுக்கவேண்டும். மாண்டிசெல்லோவில் 1993இல் தொடங்கிய வாய்மொழி வரலாற்றுத் திட்டம், அங்கே அடிமைகளாக இருந்தவர்களின் வழித்தோன்றல்களைத் தேடிச் சென்று இப்படித்தான் பதிந்துவருகிறது. அதனால் தெரியவந்த உறவுகளையும் இடப்பெயர்ச்சிகளையும் ஜெஃபர்சனின் பண்ணைக் குறிப்பேட்டிலிருந்து ஒருவர் ஒருநாளும் அறிந்திருக்க முடியாது. ஒரு தோட்டத்துக்குச் செய்ததை மற்றத் தோட்டங்களுக்கும் செய்ய ஆளும் பணமும் ஒதுக்கவேண்டும். நினைவு வைத்திருக்கும் முதியவர்கள் இருக்கும்போதே ஒதுக்கவேண்டும்.